ஃபெஸ்டி மல்கெரின் நீட்டிய கை

பாஸ்டனிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம், கேம்பிரிட்ஜ் காபிக் கடைகளில் ஐரிஷ் பாட்டுப் பாடும் பிள்ளைகள் இப்போது ஒரு வேலை செய்கிறார்கள். பாடத் தொடங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை முன்னால் நீட்டுகிறார்கள். பத்துப் பதினோரு விநாடி கை அப்படியே அந்தரத்தில் இருக்கும். பிறகு மெல்ல மடக்கி முழங்காலில் வைத்துக்கொண்டு பாடுவார்கள். கடையில் இருப்பவர்கள் மூச்சுவிடாமல் பார்ப்பார்கள். அயர்லாந்தின் மேற்கே கானமாராக் கடற்கரையின் பழைய வழக்கம் இது என்று ஓர் இசைத்தட்டின் உறையில் அச்சடித்திருக்கிறது. நான் அந்தக் கடற்கரையில் பிறந்தவன். அப்படி ஒரு வழக்கம் எங்களுக்குக் கிடையாது. எங்கள் ஆட்கள் அந்தக் கடைகளுக்குப் போவதில்லை, அங்கே போகிறவர்கள் எங்களிடம் வந்து கேட்பதில்லை. அதனால் பொய் நன்றாக வேர் பிடித்துவிட்டது. அதற்கு நான்தான் காரணம். வயது எழுபதைத் தொட்டாயிற்று, இனியாவது வாயைத் திறக்கவேண்டும்.

முதன்முதலில் அப்படிக் கையை நீட்டியவன் ஃபெஸ்டி மல்கெரின். அவன் அம்மாவும் என் அம்மாவும் அக்கா தங்கை. என்னைவிட நான்கு வயது மூத்தவன். 1927இல் ஒரே கப்பலில், ஒரே படுக்கைத் தட்டில் கால்மாடு தலைமாடாகப் படுத்து பாஸ்டனுக்கு வந்தோம். வந்த மூன்றாம் நாள் மீன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். மீனைக் கிழித்து முள் எடுக்கிற வேலை. முப்பத்துநான்கு வருஷம் அதே மேசை, அதே பக்கம். கத்தி மட்டும் தேய்ந்து தேய்ந்து மாறிக்கொண்டிருந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் மேல் மீன் வாடை போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் உட்காரும் பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைக்கும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்து லெட்டர்முல்லனிலிருந்து வந்த ஒருத்தியை நான்கு வருஷம் நடன அரங்குக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். கடைசியில் அவள் ஒரு போலீஸ்காரனைக் கட்டிக்கொண்டாள். "போலீஸ்காரன்கிட்ட மீன் நாத்தம் அடிக்காது. அவ மேல தப்பில்ல," என்றான், அதோடு சரி. நான் தெற்கு பாஸ்டனில் மூன்று மாடி மரவீடு வாங்கியபோது மூன்றாவது மாடியை அவனுக்குக் கொடுத்தேன். இரண்டாவது மாடியில் நாங்கள். ராத்திரிச் சாப்பாடு அவனுக்கு எங்கள் அடுப்பங்கரையில்தான். உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைக்கச் சொல்லி, அதைக் கையாலேயே உரித்துத் தின்பான். என் மனைவி டீலியா எங்கள் கடற்கரைக்குப் பக்கத்துக் கால்வே டவுனில் பிறந்தவள். அவள் முள்கரண்டியை அவன் பக்கம் தள்ளுவாள், அவன் அதைத் திரும்பத் தள்ளுவான். இருபது வருஷம் இந்த விளையாட்டு நடந்தது.

அவனுக்கு நானூறு பாட்டுக்கு மேல் தெரியும். எல்லாம் எங்கள் ஐரிஷ் பாஷையில். ஒரு சொல்லை மாற்றிப் பாடினால் பொறுக்கமாட்டான். ஒரு கல்யாண வீட்டில் ஒருவன் படகின் பெயரை மாற்றிப் பாடினான் என்பதற்காக நடுவில் எழுந்து, "அந்தப் படகு அன்னைக்குக் கடலுக்கே போகலடா. எங்க தாத்தா அதுக்குத் தார் பூசிக்கிட்டு இருந்தாரு," என்று நிறுத்தினான். பெண் வீட்டார் மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் பாடுகிறவன் கூட்டத்தைப் பார்த்துப் பாடமாட்டான். சுவர்ப்பக்கம் திரும்பி, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்வான். பாட்டு கனமான பாட்டாக இருந்தால் பக்கத்தில் இருப்பவன் அவன் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். சும்மா பிடித்தால் போதாது. வைக்கோல் கயிறு திரிக்கிற மாதிரி, பாட்டு இழுக்கிற இழுப்புக்கு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். பாடுகிறவன் எங்கேயோ தனியாகப் போகிறான், நீ போ, நான் கூட இருக்கிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம். ஆணும் ஆணும் பிடிப்பார்கள், கிழவியும் வாலிபனும் பிடிப்பார்கள். யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

ஃபெஸ்டிக்குக் கை கொடுக்கிறவன் நான். ஊரைவிட்டுக் கிளம்புகிறவனை எங்கள் பக்கத்தில் துக்க வீடு மாதிரி சொந்தபந்தம் எல்லாம் கூடி வழியனுப்பும். எங்களுக்கு நடந்த அந்த வழியனுப்பில்தான் முதலில் பிடித்தேன். எனக்குப் பதினேழு வயது. அவனுடைய அத்தை கட்டிய பாட்டு அது. அவளுக்கு நிச்சயித்து, பாஸ்டனுக்குக் கப்பலேறிய மாப்பிள்ளை மூன்று கடிதத்தோடு நின்றுபோனதைப் பற்றிப் பதினோரு கண்ணி. அந்த அத்தையே அங்கே உட்கார்ந்திருந்தாள். ஏழாவது கண்ணியில் அவன் குரல் நின்றுவிடப் பார்த்தது. நான் கையைச் சுற்றிக்கொண்டே இருந்தேன், பாட்டு மேலே போயிற்று. அதிலிருந்து அந்தப் பாட்டை என் கை இல்லாமல் அவன் எடுத்ததில்லை. நான் வேலைக்குப் போயிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது கேட்டால், "கோல்மன் ஷிப்டு முடிஞ்சு வரட்டும்," என்பான்.

இனி என்னைப் பற்றி. நான் டிராம் ஓட்டினேன், பிறகு இன்ஸ்பெக்டர் ஆனேன். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு. பாஸ்டனில் ஐரிஷ்காரன் என்றால் குறைச்சல் இல்லை, ஆனால் அதிலும் மேல் கீழ் உண்டு. கால்வே மாதிரி டவுன்களிலிருந்து வந்தவர்கள் எங்களைக் கடற்பாசி தின்னிகள் என்பார்கள். எங்கள் பாஷை காதில் விழுந்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் என் மகள் நோரீன் அறைக்குள் வந்தால் நான் இங்கிலீஷுக்கு மாறிவிடுவேன். ஃபெஸ்டி மாறமாட்டான், நடுவிலேயே பேச்சை நிறுத்திவிடுவான். "பெரியப்பா ஏம்ப்பா நான் வந்தா வாய மூடிக்கிறாரு?" என்று அவள் சின்ன வயதில் கேட்டாள். பெரியப்பாவுக்குப் பல் வலி என்று சொன்னேன்.

1960 கோடையில் மீன் துறைமுகத்துக்குக் கூலி வேலைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவன் ஃபெஸ்டி முனகிக்கொண்டே மீன் கிழிப்பதைக் கேட்டிருக்கிறான். அவன் போய்த் தன் பேராசிரியரிடம் சொல்ல, அந்த லோரிங் என்பவர் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். நல்ல மனிதர், மூச்சு வாங்கிக்கொண்டே தாங்க்ஸ் சொன்னார். ஃபெஸ்டி அவருக்கு லேசான பாட்டுகளாகப் பத்துப் பதினைந்து பாடிக் கொடுத்தான். மார்ச் மாதம் கல்லூரி அரங்கில் வந்து பாடவேண்டும் என்று அவர் கேட்டபோது சரி என்றான். அவர் இறங்கிப் போனதும் நேராக என்னிடம் வந்தான்.

"அத்த பாட்டப் பாடலாம்னு இருக்கேன்."

"மேடையிலயா?"

"அந்தப் பாட்டு நம்ம அடுப்பங்கரையிலயே கெடந்து சாகணுமா? மேடையில நாற்காலி ரெண்டு போடச் சொல்லட்டுமா?"

டீலியா அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். எங்கள் பாஷை அவளுக்கு அரைகுறைதான், ஆனால் இது புரிந்துவிட்டது. அவன் மாடிக்குப் போனதும் ஆரம்பித்தாள். "ரெண்டு கெழட்டுத் தடியனுங்க மேடையில கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தா காலேஜுப் புள்ளைங்க என்ன நெனைக்கும்னு யோசிச்சியா கோல்மன்?"

"எங்க ஊரு வழக்கம் அது."

"ஊருல வழக்கம். இங்க அதுக்கு வேற பேரு வச்சிருக்கான்."

அவள் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. அடுத்த நாள் படிக்கட்டில் ஃபெஸ்டியைப் பிடித்தேன். "நாற்காலி ஒண்ணு போதும். நான் முன் வரிசையில இருக்கேன். அந்தப் பாட்டு வர்றப்ப ஏறி வந்துடறேன்."

"வந்துடுவியா?"

"வராம எங்க போவேன்."

"அப்ப சரி," என்று சொல்லி மேலே போய்விட்டான்.

நோரீனுக்கு அந்த வருஷம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பிரெண்டன், வக்கீல் ஹாலிஹன் மகன். ஐரிஷ் பெயர்தான், ஆனால் மூன்று தலைமுறையாக மில்டனில் பெரிய வீடு, ஜன்னலுக்கு லேஸ் திரை, சாப்பாட்டு மேசைக்கு வேலைக்காரி. அந்த வீட்டுக்குப் போய்வந்தால் டீலியாவுக்கு இரண்டு நாள் தலைவலி. பிரெண்டன் அந்தக் கல்லூரியில் படித்தவன், கிதார் தட்டுவான். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று எங்களிடம் சொல்லாமல், ஃபெஸ்டி பாடுகிற அன்றைக்கு அரங்குக்குத் தன் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நான் முன் வரிசையில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஹாலிஹன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தம்மா தோளில் நரித்தோல்.

"பாடப் போறவர் உங்க சொந்தக்காரராமே மிஸ்டர் கனீலி?"

"எங்க வீட்டு மூணாவது மாடியில குடியிருக்கார் சார்," என்றேன்.

நோரீன் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் நிகழ்ச்சித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஃபெஸ்டி தன் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். முதல் இரண்டு பாட்டும் வேடிக்கைப் பாட்டு. சனங்களுக்கு ஒரு சொல் புரியாவிட்டாலும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். மூன்றாவதற்கு அவன் நாற்காலியைத் திருப்பித் திரைப்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். தொப்பியை இழுத்துவிட்டான். கண் மூடியது தெரிந்தது. வலது கையை என் பக்கம் நீட்டினான்.

மேடைக்கு மூன்று படி. நான் எழுந்தால் ஆறு எட்டு வைத்தால் போதும். எழுந்திருக்கத்தான் நினைத்தேன், கடவுள் சத்தியமாக. ஆனால் இன்ஸ்பெக்டர் கனீலி அத்தனை பேர் முன்னால் ஏறிப் போய், மீன் வாடை அடிக்கிற ஒரு மனிதனின் கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு பதினோரு கண்ணி உட்கார்ந்திருப்பதை ஹாலிஹன் கண்ணால் ஒரு தடவை பார்த்தேன். என் கால் எழவில்லை. கைக்குட்டையை எடுத்து ஒரு பொய் இருமல் இருமினேன்.

"யாருக்காகக் காத்திருக்கார்?" என்று ஹாலிஹன் குனிந்து கேட்டார்.

"தெரியல சார்."

ஃபெஸ்டி கண்ணைத் திறக்கவில்லை. நீட்டிய கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கையை எடுத்து முழங்காலில் வைத்து, இன்னொரு கையால் அதன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். பாடத் தொடங்கினான்.

நன்றாகப் பாடவில்லை என்று சொல்லமுடியுமானால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அன்றைக்குப் பாடிய மாதிரி அவன் என்றைக்கும் பாடியதில்லை. ஏழாவது கண்ணியில் குரல் நின்றேவிட்டது. தானே தன் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி, விட்ட இடத்திலிருந்து எடுத்துப் போனான். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பின்னால் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். ஹாலிஹன் எல்லோருக்கும் முன்னால் எழுந்தவர், கை வலிக்கத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எங்க பாட்டி இந்த மாதிரி ஒண்ணு முணுமுணுப்பாங்க. நாங்க எல்லாம் கிண்டல் பண்ணுவோம். இவர் என் வீட்டு மாடியில இருந்தா நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவேன் மிஸ்டர் கனீலி."

எதற்குப் பயந்தேனோ அது அங்கே இல்லவே இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தில் நானாகவே ஒரு பூதத்தை நிறுத்தி, அதற்கு என் அண்ணனைப் பலி கொடுத்திருக்கிறேன். ஹாலிஹன் மேடைக்குப் போய் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார், இரண்டு கையாலும். நான் கோட்டு வைத்த இடத்தைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டேன்.

திரும்பும்போது நானும் ஃபெஸ்டியும் ரயிலில் வந்தோம். மற்றவர்கள் பிரெண்டன் காரில் போனார்கள். மூன்று ஸ்டேஷன் தாண்டியது. பிறகு, "இருமினியே, சளியா?" என்றான். அத்தனை பெரிய கூட்டத்தின் நடுவே என் இருமலை அவன் அடையாளம் கண்டிருக்கிறான்.

"லேசா."

"டீலியாகிட்ட சொல்லி வெந்நி வச்சுக் குடி."

அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். டீலியா மேல் பழியைப் போட்டிருப்பேன், முழங்கால் வலி என்றிருப்பேன். கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. தினமும் சாப்பிட வந்தான், உருளைக்கிழங்கு உரித்தான், முள்கரண்டியைத் தள்ளினான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் உப்பை நகர்த்தக் கற்றுக்கொண்டேன்.

ஜூன் மாதம் லோரிங் மறுபடி வந்தார். அரங்கில் அன்றைக்குப் பதிவு செய்ததை இசைத்தட்டாகப் போடுகிறார்களாம், உறையில் எழுத நாலு விஷயம் வேண்டுமாம். எங்கள் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஊர், வயது, அத்தை பெயர் எல்லாம் கேட்டு எழுதினார். பிறகு பேனாவைத் தட்டிக்கொண்டே, "அந்தப் பாட்டுக்கு முன்னால கைய நீட்டினீங்களே, அது என்ன? எங்க பசங்க எல்லாம் அதைப் பத்தித்தான் பேசறாங்க," என்றார்.

டீலியா குழாயை மூடினாள். படகின் பெயருக்காகக் கல்யாணத்தை நிறுத்தியவன் அவன். உள்ளதைத்தான் சொல்லப்போகிறான், சொல்லட்டும், எப்படியும் ஒரு நாள் வரவேண்டியதுதான் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஃபெஸ்டி கிழங்குத் தோலைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினான். என்னை ஒரு தரம் பார்த்தான். கோபம் இல்லை. மீன் வாங்க வந்த யாரோ ஒருவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அது எங்க பக்கத்து வழக்கம்," என்றான். "கைய நீட்டிட்டுக் கொஞ்ச நேரம் இருப்போம். அப்புறம் பாடுவோம்."

"யாருக்காக நீட்டறது?"

"வராதவங்களுக்காக."

லோரிங்குக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. வேகவேகமாக எழுதினார். எழுதி முடித்து என்னிடம் திரும்பி, "நீங்களும் ஊர்ல இதப் பாத்திருக்கீங்களா மிஸ்டர் கனீலி?" என்றார்.

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த இரண்டாவது சந்தர்ப்பம். "பாத்திருக்கேன் சார்," என்றேன். "சின்ன வயசுலேருந்து."

அவர் போனபிறகு என் நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. மூடி மறைத்துவிட்டான், மன்னித்துவிட்டான், இனி எல்லாம் பழையபடிதான் என்று நினைத்தேன். அன்று இரண்டு தட்டு அதிகமாகச் சாப்பிட்டேன் என்றால் நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டில் ஒரு சொல்லுக்குக்கூடப் பொய் பொறுக்காதவன், எனக்காக ஊர் வழக்கத்தையே திரித்துச் சொல்லியிருக்கிறான். அது அவனுக்கு எப்படி வலித்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் அடுப்பங்கரையில் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து டீ போட்டாயிற்று. இரண்டு பேர் பாடினார்கள். லெட்டர்மோரிலிருந்து வந்த மெகி, "ஃபெஸ்டி, உங்க அத்த பாட்ட எடுப்பா, காலேஜுக்காரனுக்குப் பாடினியே," என்றாள். அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். யாரும் சொல்லாமலே நான் என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தேன். முப்பத்துநான்கு வருஷப் பழக்கம். தொப்பியை இழுத்துவிட்டான், கண்ணை மூடினான். நான் கையை நீட்டினேன்.

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான். பாடத் தொடங்கினான்.

எட்டுப் பேரும் பார்த்தார்கள். எல்லோரும் எங்கள் ஊர், அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. மெகி தலையைக் குனிந்துகொண்டாள். டீலியா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள், மடித்ததையே பிரித்து மடித்தாள். கையை இழுத்துக்கொண்டால் அது இன்னும் கேவலம். அப்படியே வைத்திருந்தேன். தோள் மரத்துப்போயிற்று. ஏழாவது கண்ணி அவனுக்கு நிற்காமல் போயிற்று. பதினோரு கண்ணியும் முடிந்தபோது என் கை என்னுடையதாகவே இல்லை.

ஃபெஸ்டி கண்ணைத் திறந்தான், தொப்பியைத் தூக்கினான். நீட்டியிருந்த என் கையைப் பார்த்தான். மேசையிலிருந்து தன் காலிக் கோப்பையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து," என்றான்.

யாரோ சிரித்தார்கள், அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுந்து போய், கோப்பை தளும்பாமல் டீ ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் என் தலைக்கு மேல் அதே மாடியில் இருந்தான், தினமும் என்னோடு சாப்பிட்டான், பேசினான். பாட்டுக்கு மட்டும் என் கையைக் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.